கடனுக்கு வழி இருக்கிறது. 'இல்லை' என்று போட்டதை இன்றே திருத்துங்கள்

கேள்வி: அமெரிக்காவில், வர்ஜீனியாவில் இருக்கிறேன். 2019-இல் குடியுரிமை பெற்றேன். பாதுகாப்புத் துறைக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் கிளவுட் இன்ஜினியராகச் சேர்ந்திருக்கிறேன். வேலைக்கு 'சீக்ரெட்' கிளியரன்ஸ் (ரகசியத் தகவலைக் கையாள அரசு தரும் பாதுகாப்பு அனுமதி) வேண்டும். 2023 ஜனவரியில் முந்தைய வேலை போய் 11 மாதம் வீட்டில் இருந்தேன். அப்போது இரண்டு கிரெடிட் கார்டுகளுக்குப் பணம் கட்ட முடியவில்லை. 14,200 டாலர் ஒன்று, 6,850 டாலர் ஒன்று, இரண்டும் சார்ஜ்-ஆஃப் ஆகிவிட்டன (வங்கி நட்டமாக எழுதிவிட்டது). 1,180 டாலர் மருத்துவமனை பில் ஒன்று வசூல் ஏஜென்சியிடம் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு மாநில வரிக் கணக்கைத் தாக்கல் செய்யவில்லை. எனக்குத்தான் ரீஃபண்ட் வர வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன். கோவையில் தங்கை கணவரின் வீட்டுக் கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கிறேன், அதில் ஐந்து மாதத் தவணை நிலுவை. 'சார்ஜ்-ஆஃப் ஆனது முடிந்த கடன், போட வேண்டாம்' என்று உடன் வேலை செய்பவர் சொன்னார். கிளியரன்ஸ் விண்ணப்பப் படிவத்தில் கடன் கேள்விகள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டு மூன்று வாரம் முன்பு அனுப்பிவிட்டேன். அது சரியில்லை என்று உள்ளுக்குள் தெரியும். விசாரணை அதிகாரி அடுத்த வாரம் சந்திக்க வேண்டும் என்கிறார். மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாமா? உண்மையைச் சொன்னால் வேலை போய்விடுமா? மனைவிக்கு இந்தக் கடன்கள் எதுவும் தெரியாது.

பதில்:

மறந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ள எல்லாவற்றையும்விட உங்களுக்குக் கேடு செய்யக்கூடியது அந்த ஒரு வாக்கியம்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். கிளியரன்ஸ் தருவதா வேண்டாமா என்பதை 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் உள்ள வழிகாட்டு விதிகளின்படிதான் முடிவு செய்கிறார்கள். ஏ முதல் எம் வரை மொத்தம் 13 தலைப்புகள். அவற்றில் உங்களைத் தொடுபவை இரண்டு. 'எஃப்' பண விவகாரம், 'இ' தனிப்பட்ட நடத்தை. கடன், வரி, சூதாட்டம், வருமானத்துக்கு மீறிய செலவு எல்லாம் எஃப்-இல் வரும். படிவத்திலும் விசாரணையிலும் வேண்டுமென்றே பொய் சொல்வதும் மறைப்பதும் இ-இல் வரும். மூன்று வாரம் முன்பு வரை உங்களிடம் இருந்தது எஃப் மட்டும். அந்த 'இல்லை'தான் இ-யையும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. கடனை ரசீது காட்டிச் சரிசெய்யலாம். தவணை கட்டினேன், வரி தாக்கல் செய்தேன், வேலை போனதால் வந்தது என்று காகிதம் வைத்து நிரூபிக்கலாம். இவர் உண்மை பேசுபவர் என்பதற்கு அப்படி ஒரு ரசீது கிடையாது. அரசின் கேள்வி எளிது: தனக்குச் சங்கடம் வரும் என்று தெரிந்தால் இந்த மனிதர் உண்மையைச் சொல்வாரா? ரகசியக் கோப்பை எங்கோ தவறவிட்ட அன்று, தானே வந்து சொல்வாரா? படிவத்தில் நீங்கள் போட்ட 'இல்லை', 'சொல்லமாட்டார்' என்பதற்கு எடுத்துக்காட்டாக நிற்கிறது. அது அப்படியே நிற்கக் கூடாது.

இதற்கு விதியிலேயே வழி வைத்திருக்கிறார்கள். மறைத்ததையோ தவறாகச் சொன்னதையோ ஒருவர் காலம் கடத்தாமல், நல்லெண்ணத்தோடு, ஆதாரத்தை முகத்துக்கு நேரே காட்டிக் கேட்பதற்கு முன்பே தானாகத் திருத்தினால், அது அவருக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளப்படும். 'முன்பே' என்பதுதான் உயிர்நாடி. விசாரணை அதிகாரி உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை (கடன் வரலாற்று அறிக்கையை) பார்த்துவிட்டுத்தான் வருவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக முதலில் படிவத்தில் உள்ள கேள்வியையே திரும்பக் கேட்பார்கள்: ஏழு ஆண்டுகளில் ஏதாவது கணக்கு சார்ஜ்-ஆஃப் ஆனதா, வசூல் ஏஜென்சிக்குப் போனதா? அங்கேயும் 'இல்லை' என்றால் அடுத்ததாக ரிப்போர்ட் மேசைக்கு வரும். அதைக் கண்ட பிறகு 'ஆமாம், அது என்னுடையதுதான்' என்பது திருத்தம் ஆகாது, பிடிபட்டது ஆகும். அதற்குப் பிறகு எவ்வளவு விளக்கம் சொன்னாலும் இந்தச் சலுகை திரும்பக் கிடைக்காது.

ஆகவே, சந்திப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றே எழுத்தில் போக வேண்டும். அனுப்பிய படிவத்தை நீங்களாகத் திறந்து மாற்ற முடியாது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்தத் தேதியும் நேரமும்தான் பின்னால் உங்களுக்குச் சாட்சி. தொலைபேசியில் சொன்னது, காபி குடிக்கும்போது சொன்னது எதுவும் கணக்கில் நிற்காது. ஆங்கிலத்தில் நீங்கள் எழுத வேண்டியதன் சாரம் இது:

"நான் சமர்ப்பித்த எஸ்.எஃப்.-86 படிவத்தின் 26-ஆம் பிரிவில் கடன், வரி பற்றிய கேள்விகளுக்கு 'இல்லை' என்று பதில் தந்தேன். அந்தப் பதில்கள் தவறானவை. சரியான விவரம் கீழே. அனுப்பியபோதே இக்கடன்கள் இருப்பது எனக்குத் தெரியும். பயத்தால் குறிப்பிடாமல் விட்டேன், அது தவறு. இத்திருத்தத்தை என் விண்ணப்பத்துடன் சேர்க்கவும், விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

அதன் கீழே ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி: யாருக்கு, எவ்வளவு, எந்த மாதம் கட்டத் தவறியது, இப்போது யார் கையில் இருக்கிறது, என்ன செய்கிறீர்கள். காரணங்களை நீட்டி எழுதாதீர்கள். "பயத்தால் விட்டேன்" என்ற வரியை எடுத்துவிடத் தோன்றும், எடுக்காதீர்கள். அதை எடுத்துவிட்டு 'கவனக்குறைவால்' என்று போட்டால், அது இரண்டாவது பொய். ஐந்து கடன் விவகாரங்களையும் ஒரே நாளில் ஒருவர் கவனிக்காமல் விட்டார் என்பதை யாரும் நம்பமாட்டார்கள். சந்திப்பில் நீங்கள் பேசுவது எல்லாம் அறிக்கையாக எழுதப்படும். மாதங்கள் கழித்து அந்த அறிக்கையே 'இது சரிதானா' என்று கையெழுத்துக்காக உங்களிடமே திரும்பி வரலாம். அன்றைக்கு இந்த மின்னஞ்சலும் அந்த அறிக்கையும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கக் கூடாது.

அனுப்பியதோடு விட்டுவிடாமல், சந்திப்பில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக நீங்களே தொடங்குங்கள்: "26-ஆம் பிரிவில் தவறான பதில் தந்திருந்தேன், இன்ன தேதியில் திருத்தம் அனுப்பியிருக்கிறேன், நகல் இதோ." அலுவலகத்துக்குப் போன திருத்தம் அவர் கைக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

உடன் வேலை செய்பவர் சொன்னதைப் பற்றி. தப்பான ஆலோசனையால் விடுபட்டது என்று காட்ட விதியில் இடமுண்டு. ஆனால் ஆலோசனை சொன்னவர் ஒரு வழக்கறிஞராகவோ, பாதுகாப்பு நடைமுறையில் ஆலோசனை தருவதையே பொறுப்பாகக் கொண்டவராகவோ இருக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர் அந்தக் கணக்கில் வரமாட்டார். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், அதையே கேடயமாகப் பிடிக்காதீர்கள். அவர் சொன்ன விஷயமும் தவறு. சார்ஜ்-ஆஃப் என்பது வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும் நட்டம். கார்டுக் கடனில் ஏறத்தாழ 180 நாள் பணம் வராவிட்டால் அப்படி எழுதுவார்கள். உங்கள் கடன் அப்படியே இருக்கும். வங்கி அதை ஒரு கடன் வாங்கும் நிறுவனத்துக்கு விற்றிருக்கக்கூடும், அவ்வளவுதான். படிவமோ 'சார்ஜ்-ஆஃப்' என்ற சொல்லையே போட்டுத்தான் கேட்கிறது.

அந்த 26-ஆம் பிரிவை ஒருமுறை நிதானமாகத் திரும்பப் படியுங்கள். அதில் பலரும் தவறவிடும் இடங்கள் உண்டு. கடந்த ஏழு ஆண்டுகளில் 120 நாளுக்கு மேல் நிலுவையாக இருந்த எந்தக் கடனும் வரும், இன்று கட்டி முடித்திருந்தாலும். மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தது, சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டது, வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டது எல்லாம் வரும். நீங்கள் மட்டும் வாங்கிய கடன் என்றில்லை. இணைந்து கையெழுத்துப் போட்டதும் ஜாமீன் நின்றதும் சேரும் என்று படிவமே சொல்கிறது. கோவை வீட்டுக் கடன் இங்கேதான் வருகிறது. இந்தியாவில் 90 நாள் தவணை நின்றாலே வங்கி அதை வாராக்கடன் வரிசையில் சேர்த்துவிடும். ஐந்து மாதம் என்றால் 120 நாளையும் தாண்டிவிட்டது. இந்தியக் கடன் அமெரிக்க கிரெடிட் ரிப்போர்ட்டில் தெரியாது என்பது உண்மைதான். தெரியாத ஒன்றைத் தானாகச் சொல்பவர் என்று காட்டிக்கொள்ள உங்களுக்கு இருக்கும் நல்ல வாய்ப்பும் அதுதான். அந்த வங்கியிலிருந்து நிலுவை விவரத்தை எழுத்தில் வாங்குங்கள். தங்கை கணவரிடம் பேசி, நிலுவைத் தவணைகளை யார், எப்போது கட்டப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்.

இந்தியத் தொடர்பு உள்ளவர்கள் 20-ஆம் பிரிவின் முதல் பகுதியையும் கூடவே சரிபார்க்க வேண்டும். வெளிநாட்டில் வங்கிக் கணக்கு, நிலம், முதலீடு எப்போதாவது இருந்ததா என்றும், வெளிநாட்டுக் குடிமக்களுக்குப் பண உதவி செய்ததுண்டா என்றும் அங்கே கேட்கிறார்கள். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு, அம்மா பெயரோடு சேர்ந்துள்ள வைப்புத்தொகை, ஊரில் அப்பா எழுதிவைத்த காணி, மாதாமாதம் பெற்றோருக்கு அனுப்பும் பணம், எல்லாம் இதில் அடக்கம். 'பெற்றோருக்கு அனுப்புவதைப் போய் உதவி என்பதா' என்று நம் ஆட்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தியக் குடிமக்களான பெற்றோர் படிவத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால், அதற்கென்று அமெரிக்க நிதித் துறைக்குத் தனி அறிக்கை தந்திருக்க வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் அதே மின்னஞ்சலில் சேருங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு திருத்தம் அனுப்புவது முதல் திருத்தத்தின் மதிப்பைக் குறைத்துவிடும்.

இனி கடன். உங்கள் நிலைமை, நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை.

கடன் ஏன் பார்க்கப்படுகிறது என்பதற்கு வரலாறு இருக்கிறது. சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985-இல் கடன் தொல்லையில் இருந்தபோதுதான் சோவியத் யூனியனுக்கு ரகசியம் விற்கத் தொடங்கினார். பின்னர் 5,40,000 டாலருக்கு ஆர்லிங்டனில் ரொக்கமாக வீடு வாங்கினார். 1994 பிப்ரவரியில்தான் பிடிபட்டார். அதற்கு முன் என்.எஸ்.ஏ. என்ற இன்னோர் அமெரிக்க உளவு அமைப்பில் இருந்த ரொனால்ட் பெல்ட்டன் 1979-இல் திவால் மனு கொடுத்தவர், அடுத்த ஆண்டே சோவியத் தூதரகத்தை நாடினார். ஆனால் இன்று உங்கள் கோப்பைப் பார்ப்பவர் நீங்கள் உளவாளியாவீர்களா என்று மட்டும் பார்ப்பதில்லை. ஒப்புக்கொண்டதைச் செய்பவரா, நெருக்கடியில் பொறுப்பாக நடப்பவரா என்றும் பார்க்கிறார். எஃப் தலைப்பு, 'கட்ட முடியாதவர்', 'கட்ட முடிந்தும் கட்டாதவர்' இரண்டையும் தனித்தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் இரண்டாவது வகையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை போவது, தொழில் நொடிப்பது, திடீர் மருத்துவச் செலவு, மரணம், மணவிலக்கு, அடையாளத் திருட்டு போன்றவற்றால் வந்த கடனைக் கைமீறிய காரணம் என்று விதி ஏற்கிறது. உங்கள் 11 மாதம் இதில் சரியாகப் பொருந்தும். வேலைநீக்கக் கடிதம், வேலையின்மை உதவித்தொகை பெற்ற பதிவு இரண்டையும் எடுத்து வையுங்கள். ஆனால் அதே விதியில் இரண்டாவது பாதி ஒன்று உண்டு, நிறையப் பேர் அங்கேதான் தோற்கிறார்கள்: அந்தச் சூழ்நிலையில் பொறுப்பாக நடந்துகொண்டாரா? 2023 ஜனவரி முதல் நவம்பர் வரை கட்ட முடியாததற்கு விளக்கம் இருக்கிறது. டிசம்பரில் சம்பளம் வரத் தொடங்கிய பிறகு வங்கியை ஒருமுறையாவது அழைத்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அழைத்திருந்தால் தேதியைத் தேடி எடுங்கள். அழைக்கவில்லை என்றால், அழைக்கவில்லை என்றே சொல்லுங்கள். இந்த வாரம் முதல் நடப்பதை வைத்துத்தான் உங்கள் வழக்கு நிற்கும்.

முதலில் வரி. எஃப் தலைப்பில் வரிக் கணக்குத் தாக்கல் செய்யாததைத் தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். மத்திய வரி, மாநில வரி, உள்ளூர் வரி எல்லாம் ஒன்றுதான். ரீஃபண்ட் வரவேண்டியிருந்தது என்பது காரணமாகாது: பணம் பாக்கி என்பதற்காக இது கேட்கப்படுவதில்லை, சட்டம் சொன்னதைச் செய்தாரா என்பதற்காகக் கேட்கப்படுகிறது. சட்டத்தையே தனக்கு வசதியாகக் கடைப்பிடிப்பவர் ரகசிய விதிகளை எப்படிக் கடைப்பிடிப்பார் என்று தீர்ப்புகளில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். சந்திப்புக்கு முன்பே 2023 மாநிலக் கணக்கைத் தாக்கல் செய்து, ஏற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியை அச்சிட்டு வையுங்கள். மத்திய வரிக்கு ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் உங்கள் கணக்கின் டிரான்ஸ்கிரிப்ட்டை (பதிவு நகலை) இலவசமாக எடுக்கலாம். கடந்த ஏழு ஆண்டுகளுக்கும் எடுங்கள். ஏதாவது பாக்கி தெரிந்தால், தவணை ஒப்பந்தம் போட்டு அதன்படி கட்டி வருவதே விதி கேட்பது.

அடுத்து மூன்று நிறுவனங்களின் கிரெடிட் ரிப்போர்ட்டுகள்: ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன். சட்டப்படி இலவசமாகத் தரும் ஒரே அதிகாரப்பூர்வத் தளத்தில் மூன்றையும் இறக்குங்கள். கைப்பேசிச் செயலியில் தெரியும் ஸ்கோர் மட்டும் போதாது. மூன்றும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்றில் வங்கியின் பெயர் இருக்கும், இன்னொன்றில் அதே கடனை வாங்கிய நிறுவனத்தின் பெயர் இருக்கும். இது தெரியாமல் ஒரே கடனை இரண்டாகக் கணக்கிடுபவர்களும் உண்டு, தப்பானவருக்குப் பணம் கட்டிவிடுபவர்களும் உண்டு. வசூல் ஏஜென்சியிடம் முதலில் கேட்க வேண்டியது, கடன் அவர்களுடையது என்பதற்கான எழுத்துச் சான்று. அவர்களுடைய அறிவிப்பு வந்த 30 நாளுக்குள் கடனை மறுத்து எழுத்தில் கேட்டால், சான்று தரும்வரை வசூலை நிறுத்த வேண்டும் என்பது 1977-ஆம் ஆண்டுச் சட்டம்.

மருத்துவமனை பில் 1,180 டாலரை இந்த வாரமே முடியுங்கள். சிறிய கடன் கிடப்பில் கிடப்பது பெரிய கடனைவிட மோசமாகத் தெரியும். 'இதைக்கூடக் கட்டவில்லையா' என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. பணம் அனுப்பும் முன்பே 'இந்தத் தொகையோடு கணக்கு முடிந்தது' என்று கடிதம் வாங்குங்கள்.

இரண்டு கார்டுகளுக்கும் மொத்தமாக 21,050 டாலர். முழுவதும் கட்டி முடித்தால்தான் கிளியரன்ஸ் என்பதில்லை. ஒரே நேரத்தில் எல்லாக் கடனுக்கும் கட்டவும் வேண்டியதில்லை. நடக்கக்கூடிய ஒரு திட்டமும், அதன்படி கட்டி வந்த தடமும் வேண்டும். 'வேலை உறுதியானதும் கட்டுவேன்' என்ற வாக்குறுதிக்கு இங்கே விலை இல்லை. ஆறு மாத ரசீது ஒரு மாதமும் தவறாமல் இருந்தால் அதற்கு விலை உண்டு. கடிதத்தில் சம்பளத்தை நீங்கள் சொல்லவில்லை, அதனால் கைக்கு மாதம் 7,100 டாலர் வருவதாக ஓர் உதாரணம் வைக்கிறேன். வாடகை 2,400, மளிகையும் வீட்டுச் செலவும் 850, கார் தவணை, காப்பீடு, பெட்ரோல் 780, குழந்தைக் காப்பகம் 1,100, மின்சாரம், தண்ணீர், கைப்பேசி, இணையம் 320, ஊருக்கு அனுப்புவது 400. ஆக 5,850. மிச்சம் 1,250. இதில் பெரிய கார்டுக்கு மாதம் 400 என்றால் 36 மாதத்தில் முடியும். சின்னதற்கு 250 என்றால் 28 மாதம். 600 டாலர் கையிருப்பாகச் சேரும். உங்கள் உண்மையான எண்களை இப்படியே ஒரு பக்கத்தில் போடுங்கள். பின்னால் கேள்வித்தாள் வந்தால் இதே வடிவத்தில்தான் கேட்பார்கள்: வருமானம், செலவு, கடன், மிச்சம். மிச்சம் 1,250 இருந்தும் கடனுக்கு எதுவும் போகவில்லை என்றால் அதுவும் அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஊருக்கு அனுப்பும் 400-ஐ மறைக்க வேண்டாம். ஆனால் கார்டுக்கு ஒரு டாலரும் கட்டாத மாதங்களிலும் 400 போய்க்கொண்டிருந்தால், அதைப் பற்றிக் கேட்பார்கள், பதிலோடு போங்கள்.

கட்டாமல் விட்டால் ஏழு ஆண்டில் ரிப்போர்ட்டிலிருந்து தானாக விழுந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். விழும், ஆனால் கடனைத் தீர்த்ததாக அதை யாரும் ஏற்கமாட்டார்கள். மாநிலச் சட்டப்படி வழக்குப் போடும் காலம் கடந்துவிட்டது என்ற வாதமும் அப்படித்தான். நீதிமன்றத்தில் அது உங்களைக் காப்பாற்றும், இங்கே அதை நல்லெண்ண முயற்சி என்று எடுத்துக்கொள்வதில்லை. கடனைத் தீர்த்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களிடம் எச்சரிக்கை தேவை. வங்கிக்குக் கட்டுவதை நிறுத்துங்கள், எங்களிடம் சேமியுங்கள் என்பார்கள். தொலைபேசியில் ஆள்பிடிக்கும் இவர்கள் எந்தக் கடனையும் தீர்க்கும் முன்பே கட்டணம் வாங்குவதை 2010-ஆம் ஆண்டு விதி தடை செய்திருக்கிறது. கிளியரன்ஸ் விதி பெயர் சொல்லியே குறிப்பிடுவது லாப நோக்கமற்ற கடன் ஆலோசனை மையங்களை; அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, சான்றிதழும் திட்டமும் வாங்கி வருவது உங்கள் கோப்பில் நன்றாக நிற்கும். இணையத்தில் எல்லாக் கடனையும் 'என்னுடையதல்ல' என்று தட்டிவிட்டு ரிப்போர்ட்டைச் சுத்தம் செய்யும் வித்தையைத் தொடவே தொடாதீர்கள். உங்களுடையது என்று தெரிந்த கடனை அப்படி மறுப்பது இன்னொரு பொய், அதுவும் பதிவாகும் பொய்.

வங்கி பாதித் தொகைக்கு ஒப்புக்கொண்டு மீதியைத் தள்ளுபடி செய்தால் அதுவும் ஏற்கத்தக்கதே. ஆனால் தள்ளுபடியான தொகை 600 டாலருக்குக் குறையாமல் இருந்தால் 1099-சி என்ற வரிப் படிவம் வரும், அது பொதுவாக வருமானமாகக் கருதப்படும். அடுத்த ஆண்டு வரிக் கணக்கில் அதைக் காட்டாமல் விட்டால், கார்டுக் கடனைத் தீர்த்து வரிப் பிரச்சினையை வாங்கியதாகும்.

வேலை போய்விடுமா என்று கேட்டீர்கள். போகாது என்று உறுதி தர யாராலும் முடியாது. இடைக்கால அனுமதி கிடைக்காமல் போகலாம், அதற்கு மேல்முறையீடும் இல்லை. நிறுவனம் எவ்வளவு காலம் காத்திருக்கும் என்பது அவர்கள் கையில். 1988-இல் ஈகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை அல்ல. சந்தேகம் வந்தால் நாட்டின் பாதுகாப்புப் பக்கம்தான் தீர்ப்புச் சாயும். படிவத்தில் தெரிந்தே பொய் எழுதுவது ஐந்தாண்டு வரை சிறைக்குரிய மத்தியக் குற்றம் என்பதும் படிவத்திலேயே இருக்கிறது. திருத்தம் அனுப்பும் முன் இந்த வழக்குகளையே நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேச முடிந்தால் பேசுங்கள். அதற்காக ஒரு வாரம் தள்ளிப்போடாதீர்கள்.

குற்றச்சாட்டுப் பட்டியல் என்று ஒரு கடிதம் வந்தால் கலங்க வேண்டாம். அது மறுப்பு அல்ல, உங்கள் பதிலைக் கேட்கும் கடிதம். பதிலுக்கு, கையில் கிடைத்த நாளிலிருந்து 20 நாள். ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாக ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று உறுதிமொழியோடு எழுத வேண்டும். மொத்தமாக ஒரு விளக்கக் கடிதம் போட்டால் திருப்பி அனுப்புவார்கள். நேரில் விசாரணை வேண்டுமா, எழுத்து ஆவணங்களை வைத்தே முடிவு செய்யலாமா என்பதையும் அதிலேயே சொல்ல வேண்டும். உங்களுடையது போல நம்பகத்தன்மை கேள்விக்குள்ளான வழக்கில் நேர் விசாரணையைக் கேளுங்கள். நீதிபதி உங்கள் முகத்தைப் பார்த்து, நீங்கள் பேசுவதைக் கேட்டு முடிவு செய்யட்டும். தீர்ப்பு எதிராகப் போனால் 15 நாளில் மேல்முறையீட்டு அறிவிப்பு. அங்கே புதிய ஆவணம் எதையும் ஏற்கமாட்டார்கள், ஆகவே ரசீது, வரி அத்தாட்சி எல்லாம் முதல் விசாரணையிலேயே உள்ளே போயிருக்க வேண்டும். இறுதியாக மறுத்தாலும் ஓராண்டு கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம். குடியேறி வந்தவர்கள் மனதில் இதை 'நாட்டுப்பற்று இல்லை என்று முத்திரை குத்திவிட்டார்கள்' என்று எடுத்துக்கொள்வதுண்டு. 1960-ஆம் ஆண்டின் நிர்வாக ஆணையே, இந்த முடிவு எந்த வகையிலும் ஒருவரின் விசுவாசத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல என்று எழுதி வைத்திருக்கிறது.

கிடைத்துவிட்டாலும் கண்காணிப்பு நிற்காது. ஐந்து, பத்து ஆண்டுக்கு ஒருமுறை பார்த்த காலம் போய், இப்போது கிரெடிட் பதிவுகளைத் தொடர்ந்தே பார்க்கிறார்கள். திவால், 120 நாளைத் தாண்டிய நிலுவை எதுவானாலும் நீங்களாகவே பாதுகாப்பு அலுவலரிடம் சொல்வது கடமை. தவணைகளை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள்.

மனைவி விஷயம். இதைக் கடைசியில் எழுதுகிறேன், ஆனால் நீங்கள் செய்ய வேண்டியது இன்றிரவு. வீட்டுக்குத் தெரியாத கடன் என்பது அரசின் பார்வையில் வெறும் குடும்ப விஷயமல்ல. 'இதை உன் மனைவியிடம் சொல்லிவிடுவேன்' என்று யாராவது மிரட்டினால் அசையக்கூடிய இடம் அது. இந்தக் கடன்கள் யார் யாருக்குத் தெரியும் என்று விசாரணை அதிகாரியும் கேட்கலாம், பின்னால் நீதிபதியும் கேட்கலாம். அப்போது 'என் மனைவிக்குத் தெரியும், சென்ற வாரம் இருவரும் சேர்ந்துதான் இந்தச் செலவுக் கணக்கைப் போட்டோம்' என்று சொல்ல முடிந்தால், மிரட்டுபவர் பிடிக்க அங்கே எதுவும் மிச்சம் இருக்காது. மூன்று ரிப்போர்ட்டையும், கோவை வங்கியின் நிலுவைத் தாளையும் மேசையில் வையுங்கள். ஊருக்கு அனுப்புவது, வீட்டுச் செலவு போன்ற வரிகளை மனைவி இல்லாமல் உங்களால் சரியாகப் போட முடியாது. அவர்களுக்கு வருமானம் இருந்தால் அதுவும் அந்தப் பக்கத்தில் ஏற வேண்டும்.